முன்னூறு பேரும் மிகவும் திருப்தி

உக்காருங்க அண்ணாச்சி, நல்லா சாஞ்சு உக்காருங்க. என்னத்துக்கு அந்த ஓரத்துல ஒட்டிக்கிட்டு இருக்கிய? நான் கொஞ்சம் தடிச்ச ஆளுதான், இல்லேங்கல, ஆனாலும் நடுவுல இன்னொரு ஆளு உக்காருத அளவுக்கு எடம் கெடக்குல்லா. ஓ, ஷூவப் பாத்துட்டியளோ? ஆமா, போலீஸ்தான். இன்னைக்கு லீவு. வேட்டி கட்டினாலும் இந்தப் பிரவுன் ஷூவ விட மனசு வரல. கான்ஸ்டபிளுக்கெல்லாம் கருப்பு, எங்களுக்குத்தான் பிரவுன். இருபத்தஞ்சு வருசம் கருப்பு போட்டவனுக்குத்தான் இதோட அருமை தெரியும்.

பயப்படாதிய, நான் ஒண்ணும் விசாரிக்க மாட்டேன். நான் பேசுவேன், நீங்க கேட்டுக்கிட்டு வாங்க, அவ்வளவுதான். உங்களுக்கு முன்னால இதே சீட்டுல தென்காசியில இருந்து ஒருத்தரு வந்தாரு. அவர்ட்டதான் சொல்ல ஆரம்பிச்சேன். திருநெல்வேலிக்கு டிக்கெட் எடுத்த மனுசன், பாவூர்சத்திரத்துலயே எறங்கிட்டாரு. என்ன அவசரமோ, பாவம்.

எம் பேரு சொரிமுத்து. வெள்ளப்பனையேரி ஸ்டேஷன்ல ஸ்பெஷல் எஸ்.ஐ. முப்பத்தோரு வருச சர்வீசு. சேந்த அன்னைக்கு 1462ன்னு ஒரு நம்பர் குடுத்தாவ. அதுக்குப் பொறவு எனக்குப் பேரே கெடையாது, கேட்டியளா. "ஏய் ஃபோர்ட்டீன் சிக்ஸ்டி டூ, டீ சொல்லு." "ஃபோர்ட்டீன் சிக்ஸ்டி டூ, தேருக்குப் பந்தோபஸ்து போ." எங்க அம்மை செத்த தகவல் வயர்லெஸ்ல வந்துச்சு, அதுவும் அந்த நம்பருக்குத்தான். சொரிமுத்துவோட அம்மான்னு சொல்லல, 1462 மதர் எக்ஸ்பயர்டுன்னு சொன்னாவ. அது எனக்கு இன்னைக்கும் வலிக்கும் அண்ணாச்சி. சரி, அத விடுங்க.

விசயத்துக்கு வாரேன். என் மவ ஆவுடைக்கு மாப்பிள்ளை அமைஞ்சுது. மாப்பிள்ளையோட அப்பா நல்லபெருமாள், ரிட்டயர்டு தலைமையாசிரியரு. தங்கமான மனுசன். ஆனா பேருக்குப் பின்னால எம்.ஏ., எம்.எஸ்ஸி., எம்.எட்., எம்.ஃபில்.னு கூட்ஸ் வண்டி மாதிரி போவுது. கல்யாணப் பத்திரிகைக்கு ஒரு மாதிரி எழுதிப் பாத்தோம். அவிய பக்கம் ஒரு வரி பத்தாம அடுத்த வரிக்கு எறங்கிட்டு. எம் பக்கம் எஸ். சொரிமுத்து, அவ்வளவுதான், முடிஞ்சிட்டு. பாக்கவே பொசுக்குன்னு இருந்துச்சு. அவரு ஒண்ணும் எளக்காரமா பேசல. "எழுத்தக் கொஞ்சம் பெருசா போட்டா உங்க வரியும் நெறஞ்சிரும் சம்பந்தி"ன்னு ஆறுதலாத்தான் சொன்னாரு. அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கல.

ஆனா நான் சும்மா இருக்கல, கேட்டியளா. அந்த நேரத்துல எம்.ஏ. படிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். எம்.ஏ. குற்றவியலும் குற்றவியல் நீதி நிர்வாகமும். தபால்ல பி.ஏ. முடிச்சு வச்சிருந்தேன், அத வச்சு சேத்துக்கிட்டாவ. திருநெல்வேலியில ஒரு காலேஜ், பேரு வேண்டாம். சனி, ஞாயிறு வகுப்பு. வகுப்புல இருபத்திரண்டு பேரு. அதுல இருபத்தோரு பேருக்கு என் மவ வயசு.

மொத வருசம் இத்தாலிக்கார டாக்டர் ஒருத்தரப் பத்திப் பாடம். அந்தக் காலத்து ஆளு. குத்தவாளிய மொகத்தப் பாத்தே கண்டுபிடிச்சிரலாம்னு எழுதி வச்சிருக்காரு. எனக்கு ரொம்பப் புடிச்சுப் போச்சு, நாங்களும் அப்படித்தான புடிக்கோம். அகலமான தாடை, பெரிய காது, நடுவுல ஒண்ணு சேந்த புருவம், நீளமான கைன்னு மேடம் ஒவ்வொண்ணா போர்டுல எழுத எழுத, முன் பெஞ்சுப் பிள்ளைக ஒவ்வொண்ணா திரும்பி என்னப் பாக்குதுக. எல்லாம் எழுதி முடிச்சுட்டு, "இது தப்புன்னு பின்னாடி நிரூபிச்சுட்டாங்க"ன்னு மேடம் சொன்னாவ. யாரப் பாத்துச் சொன்னாவ? என்னப் பாத்து! நான் எந்திரிச்சு நின்னு "நன்றி மேடம்"னேன்.

அந்த மேடம் பேரு டாக்டர் பெனிட்டா. முப்பது, முப்பத்திரண்டு வயசு இருக்கும். அவியதான் எனக்கு கைடு. கடைசி செமஸ்டர்ல ஒரு ஆய்வேடு குடுக்கணும், அது பாஸானாத்தான் பட்டம். என் தலைப்பு, "காவல் துறை மீது பொதுமக்கள் கொண்டுள்ள திருப்தி". இருபது கேள்வி. ஒவ்வொரு கேள்விக்கும் அஞ்சு கட்டம். மிகவும் திருப்தி, திருப்தி, சொல்லத் தெரியவில்லை, அதிருப்தி, மிகவும் அதிருப்தி. ஊர்ல முன்னூறு பேர்ட்ட கேட்டு டிக் வாங்கியாரணும்.

இதுக்கு நடுவுல பிரஸ்காரரு, தையில முகூர்த்தம் நெறைய, பத்திரிகைய இப்பவே அடிச்சாத்தான் உண்டுன்னுட்டாரு. நான் எஸ். சொரிமுத்து, எம்.ஏ.ன்னு போடுங்கன்னுட்டேன். ஆயிரத்து இருநூறு பத்திரிகை. எங்க வீட்டம்மா, "பாஸாகலேன்னா என்ன செய்வியோ?"ன்னா. "மேல ஸ்டிக்கர் ஒட்டிருவோம்"னேன். "அப்பா, ஸ்டிக்கர் ஒட்டினா எல்லாரும் அதத்தாம்பா மொதல்ல சொரண்டிப் பாப்பாவ"ன்னா ஆவுடை. அவளுக்கு என் புத்தி.

மத்த பிள்ளைகளுக்கு நூறு பேரப் புடிக்கவே ரெண்டு மாசம் ஆச்சு. எனக்கு முன்னூறு பேருக்கு எத்தன நாள் ஆச்சு, சொல்லுங்க பாப்போம்? ரெண்டு நாளு அண்ணாச்சி! ரெண்டே நாளு.

ஜீப்ப எடுத்தேன். ஏட்டு சுடலைக்கண்ணு எழுதுத பேடு புடிச்சுக்கிட்டாரு. நான் யூனிஃபார்ம், தொப்பி, கையில லத்தி. படிப்பு விசயம்லா, மரியாதையாத்தான போகணும். வாசல்ல நின்னு, "உம் பேரு என்ன, அப்பா பேரு என்ன, காவல் துறை மேல திருப்தியா?"ம்பேன். "திருப்தி ஐயா"ம்பான். "வெறும் திருப்தியா?" "மிகவும் ஐயா, மிகவும்." அப்படியே அடுத்த வீடு. டெய்லர் ஒருத்தரு நான் கேள்வி கேக்கதுக்கு முன்னாலயே மிகவும் திருப்தின்னுட்டாரு. ஒரு வீடு பூட்டிக் கெடந்துச்சு. பக்கத்து வீட்டுக்காரரு, "அவியளும் மிகவும் திருப்திதான் ஐயா, ஊருக்குப் போறப்ப சொல்லிட்டுத்தான் போனாவ"ன்னு சொன்னாரு. மேலத் தெருவுல ஒருத்தன் ஜீப்பக் கண்டதும் ஓடினான். சுடலைக்கண்ணு வெரட்டிப் புடிச்சுட்டாரு. ரெண்டு பேரும் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கிக்கிட்டு வாராவ. அவனும் மிகவும் திருப்தி.

பேரு எழுத வேண்டாம்னு கேள்விப் பாரத்துல அச்சடிச்சிருந்துச்சு. பேரு இல்லாம ஒரு ஆவணமா? கோர்ட்டுல நிக்குமா? நான் எல்லாத்துலயும் பேரு, அப்பா பேரு, கதவு நம்பர் எழுதி, கீழ "படித்துக் காட்டக் கேட்டேன், சரி"ன்னு போட்டு, இடது கைப் பெருவிரல் ரேகையும் வாங்கிட்டேன். இந்த மாதிரி ஒரு முழுமையான வேலைய அந்தக் காலேஜ்ல யாரும் செஞ்சது கெடையாது.

ஒரே ஒரு எடத்துலதான் தகராறு. பஸ் ஸ்டாண்டு பக்கம் இட்லிக் கடை அருளம்மா. ஒத்த ஆளா கடை நடத்துதவ, வாயி கொஞ்சம் நீளம். நாலு வருசத்துக்கு முன்னால அவளோட பெரிய இட்லிக் கொப்பரை காணாமப் போச்சுன்னு மனு கொண்டாந்தா. கொப்பரைக்கெல்லாம் மனுவான்னு நான் வாங்கல. நியாயம்தான? ஊர்ல எத்தன கொலை, கொள்ளை. ஸ்டேஷன்ல வெந்நீர் வைக்க எங்ககிட்டயும் ஒரு பெரிய கொப்பரை கெடக்கு, ஒரு நாலு வருசமா. அது எங்க இருந்து வந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்? அத நாங்க பெருசா எடுத்துக்கிட்டமா? பொருளுன்னா வரும், போவும்.

அந்த அருளம்மா பேனாவ வாங்கி, இருபது கேள்விக்கும் அஞ்சாவது கட்டத்துல வச்சு ஒரு அழுத்து அழுத்தினா பாருங்க. பேப்பர் ஓட்டையாயிட்டு. "எடுத்துக்கிட்டுப் போம்"னா. நான் ஜீப்புல வந்து உக்காந்து பாத்தேன். பாவம், வெள்ளெழுத்துக் கண்ணு, வரிசைய மாத்திப் புடிச்சிட்டான்னு நெனச்சு, இருபதையும் அடிச்சுட்டு மொதக் கட்டத்துல நானே டிக் போட்டேன். ஒருத்தி கைத்தவறா செஞ்சதுக்கு ஆய்வு கெட்டுப்போகலாமா? மனிதாபிமானம்தான்.

பாரக் கட்டக் கொண்டுபோய் மேடம் மேசையில வச்சேன். அவிய ஒரு பத்து பாரம் பெரட்டினாவ. பொறவு வேகமா பெரட்டினாவ.

"மிஸ்டர் சொரிமுத்து, முன்னூறு பேரும் மிகவும் திருப்தியா?"

"ஆமா மேடம்."

"இருபது கேள்விக்குமா?"

"ஆமா மேடம்."

"பதினோராவது கேள்வி, ஸ்டேஷன்ல பொதுமக்களுக்கான கழிப்பறை. உங்க ஸ்டேஷன்ல கழிப்பறை இருக்கா?"

"இல்ல மேடம்."

"அதுலயும் முன்னூறு பேர் மிகவும் திருப்தி."

"எங்க ஊர்க்காரவிய கொறை சொல்லாத ஜனங்க மேடம்."

மேடம் கொஞ்ச நேரம் ஃபேனப் பாத்துக்கிட்டு இருந்தாவ. "இப்படி ஒரு ரிசல்ட் கடவுளுக்கே வராதுங்க. ஊர்னு இருந்தா அதிருப்தியானவங்களும் இருப்பாங்க. அவங்க பதிலும் இருந்தாத்தான் இது ஆய்வு. அதையும் கொண்டு வாங்க"ன்னு சொன்னாவ. இவ்வளவுதான் அவிய சொன்னது. பதிலு தனியா நடந்து வருமா அண்ணாச்சி? ஆளோடதான வரும்.

ஸ்டேஷன்ல சுடலைக்கண்ணுட்ட சொன்னேன். அன்னைக்கு மாசக் கடைசி வேற. மாசக் கடைசியில பெட்டி கேசு, அதான் சில்லறைக் கேசு, கொஞ்சம் எண்ணிக்கை காட்டணும் பாத்துக்கிடுங்க, அதுக்குன்னு பழகின ஆளுக உண்டு. கூப்பிட்டா வந்து கையெழுத்துப் போட்டுட்டு டீ குடிச்சுட்டுப் போயிருவானுக. சுடலைக்கண்ணு மதியத்துக்குள்ள பதினோரு பேர ஜீப்புல ஏத்திக் கொண்டாந்துட்டாரு. வராந்தாவுல வரிசையா குத்தவச்சிருக்கானுக.

"எலேய், யாரெல்லாம் அதிருப்தி?"ன்னேன்.

கொக்கி செல்லப்பான்னு ஒருத்தன், கரண்டு கம்பியில கொக்கி போடுதவன், அவன் மெதுவா எந்திரிச்சான். "ஐயா, சத்தியமா நான் அதிருப்தி படல. கூட இருந்தவன்தான் பட்டான். நான் தள்ளி நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்"ங்கான். இன்னொருத்தன், "ஐயா சொன்னா ஒத்துக்கிடுதேன், ஆனா சனிக்கிழமைக்குள்ள விட்டுருங்க, மச்சினனுக்கு நிச்சயதார்த்தம்"னு அழுதான். அதுக்குள்ள ஒருத்தன் பொண்டாட்டி வக்கீலக் கூட்டிக்கிட்டு வந்துட்டா. வக்கீலு என்னத் தனியா கூப்பிட்டு, "ஸார், அதிருப்திக்கு ஸ்டேஷன் ஜாமீன் உண்டா, கோர்ட்டுக்குப் போகணுமா?"ன்னு கேக்காரு. அவரும் படிச்ச மனுசன்தான்.

கடைசியில பதினோரு பேரும் எழுதிக் குடுத்துட்டானுக. காரணம் எழுத ஒரு எடம் இருக்குல்லா, அதுல, "சம்பவத்தன்று குடிபோதையில் காவல் துறை மீது அதிருப்தி அடைந்தேன். இனிமேல் அடைய மாட்டேன்"னு பதினோரு பேரும் ஒரே மாதிரி. எழுத்துகூட ஒரே எழுத்து, சுடலைக்கண்ணு எழுத்து முத்து முத்தா இருக்கும்.

மேடம் அத வாசிச்சாவ. வாசிச்சுட்டு கண்ணாடியக் கழட்டி வச்சுட்டு, ரெண்டு கையாலயும் மொகத்தப் பொத்திக்கிட்டு மேசையில கவுந்துட்டாவ. தோளு மட்டும் குலுங்குது. அழுதாவன்னு நெனைக்கேன். என் உழைப்பு அப்படி.

ஆனா நிமுந்ததும், "இத வச்சு நான் பாஸ் போட முடியாது மிஸ்டர் சொரிமுத்து"ன்னுட்டாவ.

வீட்ல ஆயிரத்து இருநூறு பத்திரிகை கட்டு கட்டா அடுக்கியிருக்கு. ஒவ்வொண்ணுலயும் எம்.ஏ., எம்.ஏ.ன்னு சிரிக்குது. நான் மேடம்ட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன் அண்ணாச்சி. சம்பந்தக்காரரு, கூட்ஸ் வண்டி, 1462, எங்க அம்மை, எல்லாத்தையும். முப்பத்தோரு வருசத்துல ஒரு மேலதிகாரிட்டகூட அப்படிப் பேசினது கெடையாது. அவிய அமைதியா கேட்டுட்டு, "சரி, ஒரு வழி பாக்கலாம்"னாவ.

வழி என்னன்னா, வகுப்புல ரெண்டு பொம்பளப் பிள்ளைக, அதுகள அதே முன்னூறு வீட்டுக்கு அனுப்பினாவ. சுடிதார் போட்டுக்கிட்டு, தோள்ல பையத் தூக்கிக்கிட்டு, பஸ்ஸுல போயி எறங்குச்சுக. பேரு கேக்கல, ரேகை வாங்கல. பாரத்தக் குடுத்துட்டு, நீங்களே டிக் பண்ணி இந்தப் பெட்டிக்குள்ள போட்டுருங்கன்னு சொல்லிட்டு அங்கிட்டு திரும்பி நின்னுருக்குக. இதெல்லாம் ஒரு விசாரணையா? நான் உள்ளுக்குள்ள சிரிச்சுக்கிட்டேன்.

முடிவு வந்துச்சு. முன்னூறு பேருல திருப்தி முப்பத்தாறு பேரு. மிகவும் திருப்தி நாலு பேரு. அந்த நாலுல மூணு சுடலைக்கண்ணு மாமனார் வீடு.

எனக்கு வந்துது பாருங்க ஒரு கோவம். எங்கிட்ட ஒண்ணு சொல்லி ரேகை வச்சிருக்கான், அந்தப் பிள்ளைகள்ட்ட வேற ஒண்ணு சொல்லியிருக்கான். ரெண்டு முரணான வாக்குமூலம்! பொய்ச் சாட்சிக்கு ஊரு முழுசுக்கும் கேசு போடலாமான்னு இன்ஸ்பெக்டர்ட்டயே கேட்டேன். அவரு, "லாக்கப்புல ஆறு பேருக்குத்தான்யா எடம் இருக்கு"ன்னாரு.

மனசு ஆறல. சேவு பண்ணிக்கிட அண்ணாமலை சலூனுக்குப் போனேன். கத்திய என் கழுத்துல வச்சிருக்கான், அப்பக் கேட்டேன். "ஏல அண்ணாமலை, எங்கிட்ட சொன்னது நெசமா, அந்தப் பிள்ளைகள்ட்ட சொன்னது நெசமா?"

அவன் கத்திய எடுத்துட்டு, கொஞ்சம் தள்ளி நின்னுக்கிட்டான். "ரெண்டும் நெசம்தான்யா. அந்தப் பிள்ளைக கேட்டப்போ நான் நெனச்சதச் சொன்னேன். நீங்க கேட்டப்போ நீங்க நெனச்சதச் சொன்னேன்"ங்கான்.

அவன என்ன செய்ய? பாதி மொகத்துல சோப்பு இருந்துச்சு, அதனால மிச்சப் பாதியத் திருப்பிக் காட்டினேன்.

மேடம் ரெண்டு கட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தாவ. என் கட்டுல ஒரு பாரத்த உருவி, "இதுல மட்டும் என்ன இவ்வளவு அடிச்சுத் திருத்தியிருக்கு?"ன்னாவ. அருளம்மா பாரம். கைத்தவற நான் சரி பண்ணினதச் சொன்னேன். மேடம் பிள்ளைக கட்டுல இருந்தும் ஒண்ண எடுத்து என் முன்னால வச்சாவ. அதுல பேரு இல்ல, ஆனா அஞ்சாவது கட்டத்துல இருபது ஓட்டை இருந்துச்சு. கடைசியில "கொப்பரை"ன்னு ஒரு வார்த்தை எழுதியிருந்துச்சு.

"அந்த நாலு பேர விட்டா, முன்னூறு பேர்ல உங்ககிட்டயும் எங்ககிட்டயும் ஒரே பதிலச் சொன்னவங்க இந்த ஒருத்தங்கதான் மிஸ்டர் சொரிமுத்து. அவங்க பதிலத்தான் நீங்க அடிச்சுட்டீங்க"ன்னாவ.

எனக்குக் காது சூடாயிட்டு. நெசமாவே கூசிப் போச்சு அண்ணாச்சி. அந்த ஒரு நிமிசம் மட்டும் எம்.ஏ.யே வேண்டாம்னு தோணிச்சு. பொறவு வேணும்னு தோணிட்டு.

மேடம் தலைப்ப மாத்தச் சொன்னாவ. "கேள்வி கேட்பவரின் சீருடை, பதில்களில் ஏற்படுத்தும் மாற்றம்." ரெண்டு கட்டையும் வச்சு, அருளம்மா பாரத்துல நான் செஞ்சதையும் மறைக்காம நான்தான் எழுதினேன். பதினோரு பேரு வாக்குமூலத்தையும் பின்னிணைப்பா வச்சேன். வைவாவுக்கு மதுரையில இருந்து ஒரு புரொஃபசர் வந்தாரு. பின்னிணைப்ப வாசிச்சுட்டு ரெண்டு தடவ தண்ணி குடிச்சாரு. "இத்தன வருச சர்வீஸ்ல, கேள்வி கேட்ட ஒரே ஆளால இவ்வளவு பெரிய வித்தியாசம் வந்து நான் எந்த ஆய்வுலயும் பாத்ததில்ல"ன்னு சொன்னாரு. எந்த ஆய்வுலயும்! என் கையப் புடிச்சுக் குலுக்கினாரு. பாஸ் அண்ணாச்சி. ஸ்டிக்கருக்கு வேலை இல்லாமப் போச்சு.

மறுநாளே பத்திரிகை வைக்கக் கெளம்பிட்டேன். வீட்டம்மாவுக்கு முட்டு வலி, அதனால நானும் சுடலைக்கண்ணும் ஜீப்புல போனோம். எல்லாரும் எந்திரிச்சு நின்னு ரெண்டு கையாலயும் வாங்கினாவ. "கண்டிப்பா வாரோம் ஐயா." "குடும்பத்தோட வாரோம் ஐயா." "மொத நாளே வந்துருவோம் ஐயா." டெய்லரு பத்திரிகையப் பிரிக்கவே இல்ல, அதுக்கு முன்னாலயே வாரேன்னுட்டாரு. அண்ணாமலை, "மிகவும் சந்தோசம்யா"ன்னான். ஊரே வருது. எனக்கு நெஞ்சு நெறஞ்சு போச்சு.

முந்தாநாள் சமையல்காரரு வந்தாரு. பேனாவ எடுத்துக்கிட்டு, "உங்க பக்கம் எத்தன இலை அண்ணாச்சி?"ன்னாரு. நான் வாயத் தொறந்தேன், ஆயிரத்து இருநூறுன்னு சொல்லத்தான் தொறந்தேன். "மிகவும் சந்தோசம்யா"ன்னு அண்ணாமலை சொன்னான்லா, அந்த மிகவும் அப்பத்தான் எனக்குக் கேட்டுச்சு.

எல்லாரும் வாரேன்னுட்டாவ. ஒருத்தர்கூட, அன்னைக்கு வேல இருக்கு, பாக்கேன்னு சொல்லல. என்னோட ஆய்வுதான, எனக்குத் தெரியாதா அண்ணாச்சி? முன்னூறுக்கு நாலுன்னா ஆயிரத்து இருநூறுக்குப் பதினாறு. அதுலயும் பன்னெண்டு பேரு சுடலைக்கண்ணு மாமனார் வீடு. மண்டபத்துல மாப்பிள்ளை பக்கம் ஸ்கூல் வாத்தியாருங்க, பழைய பிள்ளைகன்னு நெறஞ்சு கெடக்கும். எம் பக்கம் காலி நாற்காலி வரிசையா கெடக்கும், நான் வாசல்ல கும்பிட்டுக்கிட்டு நிப்பேன், மாலையும் கழுத்துமா என் மவ மேடையில இருந்து அதப் பாப்பா. முப்பத்தோரு வருசமா எனக்கு எந்திரிச்சு நின்ன கூட்டத்துல எது மரியாதை, எது பயம்னு தெரியாமயே ரிட்டயர்டு ஆவப்போறேன். எனக்கு அழுக வந்துட்டு. அழுதேன். சமையல்காரரு, "ரசத்துக்கு மட்டும் மொதல்ல கணக்குச் சொல்லுங்க"ன்னு பேச்ச மாத்தினாரு.

பத்திரிகை வைக்காத வீடு ஒண்ணே ஒண்ணு பாக்கி இருந்துச்சு. வேணும்னேதான் விட்டிருந்தேன். நேத்து காலையில ஜீப்ப எடுக்கல, சுடலைக்கண்ண கூப்பிடல, சைக்கிள்ல போனேன். அருளம்மா இட்லி ஊத்திக்கிட்டு இருந்தா. பத்திரிகைய நீட்டினேன். வாங்கல.

"என் மனு என்னாச்சு?"ன்னா.

நான் அங்கனயே பெஞ்சுல உக்காந்து, அவ சொல்லச் சொல்ல மனுவ என் கையால எழுதினேன். பித்தளை, ரெண்டு காது, அடியில ஒரு ஒட்டு, வாயோரத்துல "அ" வெட்டியிருக்கும்னு ஒவ்வொண்ணா சொன்னா. பரவாயில்ல, எங்க கொப்பரையிலயும் அப்படி ஒரு எழுத்து இருக்கு, இந்தப் பக்கத்துப் பாத்திரக்கடையில எல்லாத்துலயும் வெட்டுவான் போல. ரசீது கிழிச்சுக் குடுத்தேன். அத ரெண்டு பக்கமும் திருப்பிப் பாத்து, இடுப்புல சொருகிக்கிட்டா. பொறவுதான் கையத் தொடச்சுட்டுப் பத்திரிகைய வாங்கினா.

"ரசீது குடுத்துட்டீரேன்னு நான் வரல"ன்னா. "உம்ம மேல எனக்கு இன்னும் அதிருப்திதான். மிகவும். ஆவுடை பத்து வருசம் என் கடையில இட்லி தின்னுட்டுப் பள்ளிக்கூடம் போன பிள்ளை. அதுக்காக வாரேன். மொதப் பந்தியில உக்காருவேன். சாம்பார் நல்லா இல்லேன்னா பந்தியிலயே சொல்லிருவேன், பாத்துக்கிடும்."

"சொல்லணும்மா. நீங்க கண்டிப்பா சொல்லணும்"னேன். அவ "பாதையில நிக்காதயும், வேவாரம் கெடும்"னா.

இப்பப் பெனிட்டா மேடத்தப் பாக்கத்தான் போறேன். அந்த ரெண்டு பிள்ளைகளையும் இன்னொரு தடவ அனுப்பச் சொல்லிக் கேக்கணும். அதே பெட்டி, அதே மாதிரி அங்கிட்டு திரும்பி நின்னு, கல்யாணத்துக்கு நெசமாவே வருவியளான்னு ஒரே ஒரு கேள்வி. சொன்னா மேடம் மறுபடியும் மேசையில கவுந்து அழுவாவ, அழட்டும். இன்னும் எட்டு நாளுதான் இருக்கு.

இந்தாங்க, உங்களுக்கும் ஒரு பத்திரிகை. அட, வாங்குங்க. உங்க பேரு என்ன, எந்த ஊரு, ஒண்ணும் நான் கேக்கல பாருங்க. கதவு நம்பர்கூட கேக்கல. வர முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிருங்க, நான் ஒண்ணும் நெனச்சுக்கிட மாட்டேன், சத்தியமா. மொகத்தப் பாத்து சொல்ல ஒரு மாதிரி இருந்தா நான் வேணும்னா ஜன்னல் பக்கம் திரும்பிக்கிடுதேன். இந்தா, திரும்பிட்டேன். சொல்லுங்க.

என்னது? கண்டிப்பா வாரியளா? குடும்பத்தோடயா?

சரி அண்ணாச்சி, சந்தோசம். ஆனா இப்பவும் ஒரு இலைதான் உறுதி.